கண் போன பிறகும் படம் செய்தவர்: பினோத் பிஹாரி முகர்ஜி



ஆண்டு விழா மலருக்கு வரவு செலவு அறிக்கையை வழக்கம்போல நான்தான் எழுதிக் கொடுத்தேன். கூடவே பெரியவங்க ஒருத்தரோட வாழ்க்கை வரலாறும் வேணும்னு தலைவி அக்கா கேட்டாங்க. போன மலர்ல நம்ம புதுக்கோட்டை மண்ணில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவைப் பத்தி வந்தது. அதுக்கு முன்னாடி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். இந்தத் தடவை நான் எழுதப்போறவர் பெண் இல்லை, தமிழரும் இல்லை. வங்காளத்து ஓவியர். அவரை ஏன் எடுத்தேன் என்பதை முதல்லயே சொல்லிடறேன்.

நம்ம கொட்டகையில் மஞ்சப்பை தைக்கும்போது மிஞ்சுற வெட்டுத்துணியை என்ன செய்யுறதுன்னு ரொம்ப நாளா பேச்சு. மூட்டை மூட்டையா மூலையில கிடந்தது. போன ஆடியில ஒரு ஓவிய ஆசிரியர் இரண்டு சனிக்கிழமை வந்து, அந்தத் துண்டுகளை அட்டையில் ஒட்டிப் படம் செய்யக் கத்துக்கொடுத்தார். அதுக்குப் பேர் கொலாஜ். ஒட்டுறதுங்கிற அர்த்தம் உள்ள பிரெஞ்சுச் சொல்லாம். 1912-ல் பாரிஸில் பிக்காசோ என்ற ஓவியர், பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடிச்ச மெழுகுத்துணி ஒன்றைத் தன் படத்தில் ஒட்டி, சுற்றிலும் நிஜக் கயிற்றையே சட்டமா வெச்சிட்டார். அதிலிருந்து படம்னா வரையத்தான் வேணும்னு இல்லை, ஒட்டலாம், கோக்கலாம், கட்டலாம்னு ஆகிப்போச்சு. நமக்கு இது புதுசா என்ன? பழைய சேலையை அடுக்கித் தைச்சுப் பிள்ளைக்கு விரிப்பு போட்டவங்கதானே நாம. வங்காளத்துப் பெண்கள் அதையே காந்தா என்று பூ வேலையோடு தைக்கிறாங்க.

முதல் சனிக்கிழமை எல்லாரும் வந்தோம், ஒருத்தரைத் தவிர. நம்ம எல்லாருக்கும் அப்பத்தாதான் அவங்க. குழு ஆரம்பிச்ச நாளிலிருந்து உறுப்பினர். அறிவொளி இயக்கம் வந்தப்ப ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்க. தீர்மான நோட்டுல அவங்க கையெழுத்து மட்டும் கோட்டுக்கு மேல நேரா நிக்கும். சர்க்கரை கண்ணுக்கு ஏறி, இரண்டு வருஷத்துல பார்வை முழுசா போயிடுச்சு. கைநாட்டு வெச்சுக்கலாமேன்னு யாரோ சொல்லப்போக, சேமிப்பைக் கணக்கு முடிச்சுக் கொடுங்க, நான் விலகிக்கிறேன்னு சொல்லிட்டாங்க. கண் போனது பெரிசா தெரியலை அவங்களுக்கு, மறுபடி கைநாட்டு என்பதுதான் தாங்கலை. இதை அந்த ஆசிரியர்கிட்ட சொன்னப்பதான் பினோத் பிஹாரி முகர்ஜி கதையைச் சொன்னார். அதுக்கப்புறம் நானும் படிச்சுப் பார்த்தேன்.

பினோத் பிஹாரி 1904 பிப்ரவரி 7-ல் கொல்கத்தாவை ஒட்டிய பெஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. இன்னொரு கண்ணில் கிட்டப்பார்வை, அதுவும் கடுமையான கிட்டப்பார்வை. புத்தகத்தை மூக்கில் ஒட்டினாற்போல வைத்தால்தான் எழுத்து தெரியும். படிப்பு தொடர்ச்சியாக நடக்கவில்லை. இந்தப் பையனை என்ன செய்வது என்று வீட்டில் கவலைப்பட்டு, கடைசியில் தாகூர் நடத்திய சாந்திநிகேதன் பள்ளிக்கு அனுப்பினார்கள். மரத்தடியில் வகுப்பு நடக்கும் பள்ளி. அங்கே 1919-ல் கலா பவனம் என்ற ஓவியப் பள்ளி தொடங்கியபோது, முதல் மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்தார்.

சேர்ந்ததே பெரிய கதை. அங்கே ஆசிரியராக இருந்த நந்தலால் போஸுக்குத் தயக்கம். பாதிக் கண்ணும் இல்லாத பையன் ஓவியம் படித்து என்ன ஆவான் என்று தாகூரிடம் போய்க் கேட்டிருக்கிறார். பையன் ஒழுங்காக வந்து உட்காருகிறானா, வேலையில் மனசு இருக்கிறதா, இருந்தால் விட்டுவிடுங்கள் என்ற பொருளில் தாகூர் பதில் சொல்லி முடித்துவிட்டார். இந்த இடத்தை நான் இரண்டு தடவை படிச்சேன். நம்ம குழுவில் புது உறுப்பினர் சேர்க்கும்போது நாம கேக்குற கேள்வியெல்லாம் ஞாபகம் வந்தது.

கூட்டத்தோடு கலகலவென்று பழகுகிற ஆள் இல்லை அவர். சாந்திநிகேதன் இருக்கும் பீர்பூம் மாவட்டம் செம்மண் பூமி. மழைத்தண்ணீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். ஒற்றைப் பனைமரம், வெயில், சந்தால் மக்களின் ஊர்கள். விராலிமலைப் பக்கம் பொட்டல் காட்டைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் புராணக் கதைகளை வரைந்துகொண்டிருந்தபோது இவர் அந்தப் பொட்டலில் தனியாக நடந்து நடந்து அதையே வரைந்தார். 1925-ல் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1937-38-ல் ஜப்பான் போய், அங்கே நீளச் சுருள்களில் படம் வரையும் முறையையும் தூரிகை பிடிக்கும் விதத்தையும் பார்த்துவிட்டு வந்தார்.

1940-ல் மாணவர் விடுதியின் கூரை உட்புறத்தில் ஒரு பெரிய படம் வரைந்தார். நடுவில் ஒரு குளம். குளத்தைச் சுற்றி மரங்கள், வீடுகள், ஆடு மாடு, தலைச்சுமையோடு போகிற பெண்கள் என்று பீர்பூம் கிராமம் முழுக்க. மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டிய படம். அந்த வருஷம் அங்கே மாணவராக வந்து சேர்ந்த ஒரு இளைஞரை அந்தக் கூரை பிடித்துக்கொண்டது. அவர் பிற்பாடு உலகம் அறிந்த சினிமா இயக்குநர் சத்யஜித் ராய்.

அடுத்தது 1946-47-ல் இந்தி பவனத்தின் சுவர். மூன்று சுவர்களின் மேற்பாதியில், எண்பது அடிக்குக் கிட்ட நீளம். பொருள், நம் நாட்டு பக்தி அடியார்களின் வாழ்க்கை. துளசிதாசர், நெசவாளியான கபீர், கண் தெரியாத சூர்தாசர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நம்ம சித்தன்னவாசலில் சுண்ணாம்புப் பூச்சு மேல வரைஞ்ச படத்தைப் பார்த்திருப்பீங்க. இதுவும் சுண்ணாம்பு வேலைதான். ஈரப் பூச்சு காயுறதுக்குள்ள அன்றைய பகுதியை வரைஞ்சு முடிச்சாகணும். தப்பு வந்தா அழிக்க முடியாது, கொத்தித்தான் எடுக்கணும். அதனால பொதுவா முழு அளவுக்கு வரைஞ்ச காகிதத்தைச் சுவரில் வெச்சு நகல் எடுப்பாங்க. இவர் அதைச் செய்யலை. சின்னக் குறிப்புப் படங்களை மட்டும் வெச்சுக்கிட்டு நேரா சுவரிலேயே வரைஞ்சிட்டார். சுவரை முழுசா ஒரே பார்வையில் பார்க்க அவர் கண்ணால் முடியாது. கைக்கெட்டின தூரம்தான் தெரியும். மிச்சம் எல்லாம் மனசுக்குள்ள இருந்திருக்கு. அந்த வேலையில் கூட நின்ற மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு 1944-ல் அங்கே போனவர்.

கூட நின்ற இன்னொருவர் லீலா. சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பிறந்து, சாந்திநிகேதனுக்குப் படிக்க வந்து, 1944-ல் பினோத் பிஹாரியை மணந்தவர். லீலாவும் சிற்பி. இவரைப் பற்றிப் புத்தகங்களில் நாலு வரிக்கு மேல் இல்லை. எனக்கு அது கொஞ்சம் கோபம்தான்.

1949-ல் பினோத் பிஹாரி சாந்திநிகேதனை விட்டுக் கிளம்பினார். காத்மாண்டுவில் நேபாள அரசு அருங்காட்சியகத்தில் பொறுப்பாளர் வேலை. அங்கே நேபாளக் கைவினைஞரிடம் லீலா மரச்சிற்பம் கற்றார். பிறகு ராஜஸ்தானில் பெண்கள் படிக்கும் பனஸ்தலி வித்யாபீடத்தில் கொஞ்ச காலம். பிறகு 1952-ல் கணவனும் மனைவியுமாக முசோரி மலையில் சொந்தமாக ஓவியப் பள்ளி ஆரம்பித்தார்கள். பள்ளி நிலைக்கவில்லை. கைக்காசு போட்டுச் சொந்தத் தொழில் ஆரம்பிச்சவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதோடு மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணிலும் புரை விழுந்தது. 1956-57 வாக்கில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அது சரியாக வரவில்லை. பார்வை முழுதாகப் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று.

இங்கே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். இதைப் படிச்சிட்டு யாரும் புரை ஆபரேஷனுக்குப் பயந்துடாதீங்க. அது எழுபது வருஷத்துக்கு முந்தின காலம். இப்ப லென்ஸ் வெச்சு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறாங்க. மதுரையில் 1976-ல் பதினோரு படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமிக்கு, முடக்குவாதத்தால் விரல்கள் எல்லாம் கோணிப்போயிருந்தது. அந்த விரலுக்குத் தக்கபடி கருவிகளைப் பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கான பேருக்கு ஆபரேஷன் செஞ்சார். முகாம் வந்தா போய்க் காட்டுங்க. சர்க்கரை இருக்கிறவங்க புரை இல்லைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டணும். அப்பத்தா காட்டலை. நாங்களும் கூட்டிட்டுப் போகலை. கடன் தவணையை மாசாமாசம் ஞாபகமாக் கேட்ட நான் இதைக் கேக்கலை.

கதைக்கு வர்றேன். பார்வை போனதும் அவர் என்ன செய்தார் என்றால், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மெழுகைப் பிசைந்து சின்னச் சின்ன உருவங்கள் செய்தார். காகிதத்தில் கோடு போடும்போது ஒரு கை எழுதும், மற்றக் கை எங்கே ஆரம்பித்தோம் என்று காவல் இருக்கும். இதோடு வண்ணக் காகிதத்தைக் கையில் எடுத்தார். மடிப்பார், கிழிப்பார், கத்தரியால் வெட்டுவார். வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். துண்டின் மேல் துண்டை வைத்து, எது எங்கே முடிகிறது என்று தொட்டுத் தெரிந்து ஒட்டுவார். அப்படி வந்ததுதான் பழத்தோடு இருக்கும் பெண்ணின் படம். சாய்ந்து படுத்திருக்கும் மனிதனின் படம். வளைவான நாலைந்து துண்டுதான். கண்ணுக்கும் மூக்குக்கும் தனி விவரம் இல்லை. ஆனாலும் அந்த உடம்பு உட்கார்ந்திருக்கிற கனம் தெரிகிறது. ஆசிரியர் தன் போனில் அந்தப் படங்களைக் காட்டினார். கண் தெரியாதவர் செய்தது என்று முதலில் சொல்லாமலே காட்டினார். நாங்க யாருமே கண்டுபிடிக்கலை.

நிறத்துக்கு என்ன செய்வார் என்று கேட்டோம். காகிதத்தின் நிறத்தைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தான் ஆகணும். ஆனா எந்த நிறத்துக்குப் பக்கத்துல எது இருந்தா என்ன ஆகும் என்பது ஐம்பது வருஷமா ஒற்றைக் கண்ணால மூக்கோடு ஒட்டிப் பார்த்துப் பார்த்து உள்ளே சேர்ந்த சேமிப்பு. அதை யாரும் எடுக்க முடியாதில்லையா.

இதே வேலையை பிரான்ஸில் இன்னொருவர் செய்திருந்தார். ஹென்றி மத்தீஸ். 1869-ல் பிறந்தவர். நெசவாளர்கள் நிறைந்த போஹேன் என்ற ஊரில் வளர்ந்ததால் கடைசிவரை துணித்துண்டு சேர்க்கும் பழக்கம் விடவில்லை. இளமையில் படம் விற்காமல் குடும்பம் கஷ்டப்பட்டபோது, மனைவி அமேலி 1899-ல் தொப்பிக் கடை வைத்து வீட்டை நடத்தினார். இதையும் சேர்த்தே சொல்லணும். 1941-ல் வயிற்றில் புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன். அதற்கப்புறம் நின்று வரைய முடியாமல் சக்கர நாற்காலியும் கட்டிலும்தான். உதவியாளர்கள் காகிதத்துக்கு வண்ணம் பூசிக் கொடுக்க, இவர் பெரிய கத்தரியால் வெட்டுவார். அதை அவர்கள் சுவரில் குண்டூசியால் குத்தி, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று அவர் சொன்னபடி நகர்த்துவார்கள். 1953-ல் அப்படிச் செய்த நத்தை என்ற படம் ஒன்பது அடிக்கு மேல் உயரமும் அதே அகலமும். அடுத்த வருஷம் நவம்பர் 3-ல் இறந்துபோனார். ஓவியம் தெரிந்தவர்கள் பினோத் பிஹாரியின் ஒட்டுப்படங்களைப் பேசும்போது மத்தீஸையும் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஒரு வித்தியாசம் உண்டு. மத்தீஸ் படுக்கையில் இருந்தபடியே சுவரைப் பார்க்க முடிந்தது. இவருக்குச் சுவரும் விரலில்தான்.

1958-ல் பினோத் பிஹாரி சாந்திநிகேதனுக்கே திரும்பி வந்து கலை வரலாறு கற்பித்தார். பார்க்க முடியாத படங்களை நினைவிலிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்கு விளக்கினார். பிற்பாடு கலா பவனத்தின் முதல்வராகவும் இருந்தார். லீலா டேராடூனில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை பார்த்து மகளை வளர்த்தார். விடுமுறைக்கு மகள் அப்பாவிடம் போவாள்.

இதை நான் ஏன் சொல்றேன்னா, அப்பத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையை முதல்ல சொன்னப்ப, காகிதம் வெட்டினதையெல்லாம் அவங்க காதுல போட்டுக்கவே இல்லை. அந்த ஆளுக்குக் கண் போனப்ப யார் சம்பாதிச்சது, யார் சோறு போட்டது, பிள்ளை சின்னதாச்சே என்ன ஆச்சு, இதைத்தான் கேட்டாங்க. எனக்கு அப்ப பதில் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடித்தான் லீலா அம்மாவைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன். மறுவாரம் போய்ச் சொன்னேன். அப்படியா சேதின்னு கேட்டுட்டு, அடுத்த சனிக்கிழமை கொட்டகைக்கு வர்றதா ஒத்துக்கிட்டாங்க.

1972-ல் கலா பவனத்தில் பினோத் பிஹாரி இன்னொரு சுவர் வேலையை எடுத்தார். இந்தத் தடவை சாயம் இல்லை. சுட்ட ஓட்டுத் துண்டுகளைச் சேர்த்துச் சுவரில் உருவங்கள் அமைப்பது. தொட்டால் தெரிகிற படம். அதே வருஷம் அவருடைய பழைய மாணவர் சத்யஜித் ராய் கேமராவோடு வந்து அவரைப் பற்றி இருபது நிமிஷப் படம் ஒன்று எடுத்தார். அகக்கண் என்று பொருள்படும் தி இன்னர் ஐ என்பது அதன் பெயர். கறுப்புக் கண்ணாடி போட்ட அந்தப் பெரியவரின் விரல்கள் வேலை செய்வதை அதில் பார்க்கலாம். இணையத்திலும் தேடினால் கிடைக்கும். அடுத்த பொதுக்குழு அன்னைக்குப் போட்டுக் காட்டலாம்னு எனக்கு ஆசை. 1974-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. கண் போன பிறகு எழுதியவை சித்ரகார் என்ற நூலாக 1979-ல் வந்தது. ஓவியன் என்று அர்த்தம். தன் வாழ்க்கையையும், கண்ணில்லாத ஒருவரைக் கதாபாத்திரமாக வைத்துக் கதைபோல ஒன்றையும் அதில் எழுதியிருக்கிறார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் முன்பு சொன்ன கே.ஜி. சுப்ரமணியன்தான். குருவுக்குச் சிஷ்யர் செய்தது.

1980 நவம்பர் 11-ல் பினோத் பிஹாரி காலமானார். அவர் ஒட்டிய காகிதங்கள் 2017-ல் ஜெர்மனியில் காசல் நகரத்தார் நடத்தும் பெரிய உலகக் கலைக் கண்காட்சிக்குப் போயின. மகள் மிருணாளினி முகர்ஜி பெயர் இப்போது அப்பா பெயரைவிடப் பரவலாகத் தெரிகிறது. அவர் சணல் கயிற்றுக்குச் சாயம் போட்டு, முடிச்சு முடிச்சாகக் கட்டியே ஆள் உயரத்துக்குச் சிற்பங்கள் செய்தவர். தெய்வ உருவம் மாதிரியும் இருக்கும், பெரிய பூ மாதிரியும் இருக்கும். நாம ஊஞ்சலுக்கும் பானை தொங்கவிடவும் போடுற முடிச்சுதான் அடிப்படை. 2015-ல் அவரும் இறந்துவிட்டார்.

இனி நம்ம கொட்டகை. அப்பத்தா வந்த அன்னைக்கு ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். துணியை நிறம் பார்த்துப் பிரிக்காம, தொட்டுப் பார்த்துப் பிரிக்கச் சொன்னார். காடா ஒரு பக்கம், பட்டு ஒரு பக்கம், சாக்கு, வெல்வெட், தேங்காய் நார் எல்லாம் தனித்தனிக் கூடை. நாங்க கண்ணைத் திறந்துக்கிட்டே தப்பா போட்டோம். அப்பத்தா போட்டது ஒண்ணும் தப்பலை. நாலு மணி நேரத்துல மூணு கூடை முடிச்சாங்க. பசை மைதாவில் காய்ச்சினது. பூச்சி அரிக்காம இருக்க துளி மயில்துத்தம் போட்டோம். அது விஷம், பிள்ளைங்க கைக்கு எட்டாம வையுங்க, வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. முதல்ல குண்டூசியில் குத்தி வெச்சுப் பார்த்து, இடம் சரியான பிறகு ஒட்டுறது நல்லது.

அப்பத்தா ஒட்டினது மூவர் கோவில். மூணு கோவில் கட்டி இரண்டுதானே இப்ப நிக்குது, மூணாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். அவங்க சாக்குத் துணியில் மூணையும் நிக்க வெச்சிருக்காங்க. ஏன் மூணுன்னு கேட்டதுக்கு, கட்டினவன் மூணுதானே கட்டினான், எனக்கென்ன தெரியவா போகுது இப்ப எத்தனை நிக்குதுன்னு சொல்லிச் சிரிச்சாங்க. கல்லிடுக்குல முளைச்ச புல்லுக்குத் தேங்காய் நார். அந்த அட்டை கூட்டமைப்பு அலுவலகத்தில் பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கு. தொட்டுப் பார்க்கலாம், அவங்க அனுமதி உண்டு.

தீர்மான நோட்டுக்கும் ஒரு வழி செஞ்சோம். அப்பத்தா கையெழுத்துப் போட வேண்டிய வரியில் ஒரு நூலைப் பசை வெச்சு ஒட்டிடறேன். இடது கை ஆள்காட்டி விரலால நூலைத் தடவிக்கிட்டே, அதுக்கு மேல கையெழுத்துப் போடுறாங்க. ஐப்பசி மாசக் கூட்டத்தில் இருந்து இப்படித்தான். தணிக்கைக்கு வர்றவங்க நோட்டுல ஏன் நூல் ஒட்டியிருக்குன்னு கேட்டா, இந்தப் பக்கத்தைக் காட்டிக்கலாம். சேமிப்புக் கணக்கு முடிக்கக் கேட்ட மனுவை அவங்களே திருப்பி வாங்கிக்கிட்டாங்க.